இதயக் கதவு

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, நோயாளியின் அருகிருந்து பணிபுரிவோன் ஆகிய நான்கும் செவ்வனே அமைந்தவிடத்துத்தான் நோய் நீங்கும் என்பது அவர் கருத்து. இந்நான்கனுள் மருந்து என்பது பண்டைக்காலத்தில் வேரும் தழையுமாகவும், பொடியும் குழம்புமாகவும் இருந்தது. இக்காலத்திலோ அது சிற்சில நோய்களுக்கு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் இயன்ற கருவியாகவும் அமைகின்றது. உண்ட மருந்து தன் வேலையை முடித்துக்கொண்டு உடலைவிட்டு நீங்கிவிடும். உடலினுள் பொருத்தப்பெறும் கருவியோ, உடலோடு உடலாய்த் தங்கி ஆண்டுக்கணக்கில் உழைத்தல் வேண்டும். அது நடுவழியில் பழுதுபடின், எடுத்துச் செப்பனிடுதல் எளிதன்று. உயிருக்கே இறுதி நேர்தலும் உண்டு.

ஆதலின், இத்தகைய கருவியை மனித உடலில் வைப்பதற்கு முன்னரே அதன் நலமும் தீங்கும் ஐயமற ஆராயப்படுதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கெனவே நிலையங்கள் பல உலகில் உள்ளன. அவற்றின் தலைவர்க்கு எத்தகைய அறிவும் எத்தகைய உள்ளமும் வேண்டும் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் உருவான ஓர் இதய வால்வின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

மனித இதயம் நான்கு அறைகளை உடையது. அறைகளின் வாயில்களில் நான்கு கதவுகள் உள்ளன. அவையே வால்வுகள் எனப்படுவன. குருதி முன்னோக்கிப் பாயும்போது அவை திறந்து வழிவிடும். பாய்ந்த குருதி திரும்ப முயலும்போது மூடிக்கொள்ளும். காவலன் இல்லாமலே காவல்புரியும் கதவுகள் அவை. இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கின்றது. ஆகவே ஒவ்வொரு கதவும் ஒருநாளில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட முறை திறந்து மூடுகின்றது. ஓராண்டில் மூன்றே முக்கால் கோடி முறைக்கு மேல் திறந்து மூடுகின்றது. மனிதன் உறங்கினாலும் அவை உறங்குவதில்லை.

இத்தகைய கதவுகள் பழுதுபடுதற்குக் காரணங்கள் பலவுண்டு. அவற்றுள் நம் நாட்டில் பெரிதும் காணப்படுவது ருமாட்டிக் காய்ச்சல். சிறுவர்க்குத் தொண்டையில் ஒருவகைக் கிருமியால் புண் உண்டாகின்றது. அதனைச் சிலர் சிறிதென எண்ணி மருத்துவம் செய்யாது விட்டுவிடுகின்றனர். சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றுகின்றன. அவையும் தணிந்துவிடுகின்றன. ஆனால் அந்நோய் இதயத்தின் கதவுகளைத் தாக்கித் தடிக்கவும் சுருங்கவும் செய்துவிடுகின்றது. கதவு முழுதும் திறவாவிடின் குருதி தேங்கும். முழுதும் மூடாவிடின் குருதி பின்னோக்கி வழியும். நெருக்கமான குடியிருப்பில் வாழும் ஏழை மக்களின் பிள்ளைகளே இந்நோய்க்கு மிகுதியாக இரையாகின்றனர். ஓடியாட வேண்டிய இளமையில் படியேறவும் மூச்சு முட்டி வருந்துகின்றனர். பழுதுபட்ட கதவை அகற்றிவிட்டுச் செயற்கைக் கதவு ஒன்றனைப் பொருத்துதலே அவர்களுட் பலர்க்கு உய்யும் வழியாகும்.

செயற்கைக் கதவை மனித உடலில் முதன்முதல் பொருத்தியவர் அமெரிக்க நாட்டு அறுவை மருத்துவர் சார்லஸ் ஹஃப்நேகல் என்பவர். அவர் 1952இல் கூண்டினுள் பந்து ஒன்று ஏறி இறங்கும் அமைப்புடைய வால்வைப் பெருந்தமனியில் பொருத்தினார். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் கூடி உருவாக்கிய வால்வு இதயத்தினுள்ளேயே பொருத்தப்பெற்று வெற்றி கண்டது. இவ்விருவரும் முதலில் தம் வால்வுகளை நாய்களிடத்துச் சோதித்தனர். வால்வைச் சுற்றிக் குருதி உறைந்து பல நாய்கள் மாண்டன. அவர்கள் தம் அமைப்பை மீண்டும் மீண்டும் திருத்திய பின்னரே மனிதரிடம் சென்றனர். மருத்துவன் அறிந்ததைப் பொறியாளன் அறியான். பொறியாளன் அறிந்ததை மருத்துவன் அறியான். இருவரும் ஒருங்கு கூடியவிடத்தே இக்கருவி பிறந்தது.

இந்திய நாட்டிலோ அக்காலத்தில் செயற்கை வால்வுகள் யாவும் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தன. அவற்றின் விலை ஏழைக் குடும்பத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அறுவை செய்ய வல்ல மருத்துவர் இருந்தும், நோயாளி காத்திருந்தும், கதவு வாங்கப் பொருளின்மையால் உயிர் காக்க இயலாத நிலை நிலவியது. வள்ளுவர் கூறிய நான்கு கூறுகளுள் ஒன்று குறைந்த நிலை அது.

இக்குறையைத் தீர்க்க வழி திறந்த நிலையம் திருவனந்தபுரத்தில் உள்ளது. திருவிதாங்கூரின் கடைசி மன்னராகிய சித்திரைத் திருநாள் பாலராம வர்மா, 1936இல் கோயில் நுழைவு அறிக்கையை வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அவர்தம் அரச குடும்பம் 1973இல் பல மாடிக் கட்டடம் ஒன்றனை மருத்துவப் பணிக்கென மக்களுக்கும் அரசுக்கும் நன்கொடையாக வழங்கியது. அதனை எவ்வாறு பயன்படுத்துதல் நலம் என்று எண்ணிய கேரள முதலமைச்சர் சி. அச்சுத மேனன், 1974இல் ஓர் இளைய அறுவை மருத்துவரை அழைத்து அந்நிலையத்தை உருவாக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அம்மருத்துவரே எம். எஸ். வலியத்தான்.

வலியத்தான் 1934இல் மாவேலிக்கரையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் மருத்துவம் பயின்று, இங்கிலாந்தில் அறுவை மருத்துவத்தில் உயர் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் இதய அறுவையில் பயிற்சி பெற்றார். முதற்செயற்கை வால்வை அமைத்த ஹஃப்நேகலிடமே பணிபுரியும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. இதயத்தை அறுத்துச் செப்பனிடும் கையோடு, அதற்கான கருவி எவ்வாறு பிறக்கின்றது என்னும் அறிவையும் அவர் பெற்றுத் திரும்பினார். நாற்பது வயதில் அவருக்குக் கிட்டியது மருத்துவர் நிறைந்த மனையன்று, வெறுங்கட்டடமே. மற்றொருவராயின் அதனைச் சிறந்த மருத்துவமனையாக்கி, அதனோடு அமைந்திருப்பர். வலியத்தானோ மருத்துவத்தையும் பொறியியலையும் ஒரே நிறுவனத்தின் இரு சிறகுகளாக வளர்க்க விழைந்தார்.

1976இல் நோயாளிகளை ஏற்று மருத்துவம் செய்யும் பணி தொடங்கிற்று. சிறிது காலத்தில், அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூஜப்புரையில், சாட்டல்மண்ட் அரண்மனையில், உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு உருவாயிற்று. அரசியர் வாழ்ந்த மாளிகையில் பொறியாளரும் வேதியியலாரும் உயிரியலாரும் கால்நடை மருத்துவரும் குடிபுகுந்தனர். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்நிலையம் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பெற்றது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம் என்பது அதன் பெயர்.

இவ்விரு சிறகுகளும் ஒன்றற்கொன்று எத்துணை வேண்டியன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனையில் அறுவை செய்வோர், எங்கே கருவி குறைபடுகின்றது என்பதைத் தம் கண்ணாற் காண்கின்றனர். தொழில்நுட்பப் பிரிவினர், எப்பொருளால் எவ்வாறு அக்குறையை நீக்கலாம் என்பதை ஆராய்கின்றனர். இருவரும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு தலைவரின்கீழ் இருப்பின், ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது. பொறியாளன் அழுத்தம், உராய்வு, களைப்பு என்பான். மருத்துவன் உறைகட்டி, தொற்று, குருதியிழப்பு என்பான். இரு மொழியும் அறிந்த தலைவன் இடைநின்று, ஒருவர் கூற்றை மற்றவர்க்கு உணர்த்த வேண்டும். வலியத்தானின் தலைமைக்கு வேர் இங்கேதான் உள்ளது. ஜி. எஸ். புவனேஸ்வர் என்னும் பொறியாளரும் அவர்தம் குழுவினரும் வால்வை வரைந்து வடித்துச் சோதிக்கும் பணியை மேற்கொண்டனர்.

அவர்கள் தேர்ந்த வடிவம் சாயும் தட்டு வால்வு என்பது. வளையம் போன்ற ஓர் உலோகச் சட்டம். அதன் நடுவே காசு போன்ற வட்டத் தட்டு. தட்டு வழுவாமல் தடுக்கச் சிறு தாங்குகால்கள். இதயச் சதையோடு தைப்பதற்குத் துணியாலாகிய ஒரு வளையம். குருதி வரும்போது தட்டு சாய்ந்து வழிவிடும். திரும்பும்போது நிமிர்ந்து அடைக்கும். பார்ப்பதற்கு எளிய பொருள். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பெரிய பொத்தான் அளவே இருக்கும். ஆயினும் அதனிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகளோ மிகப் பல.

முதலாவது, அதன் பொருள் உடலுக்கு நஞ்சாகாது இருத்தல் வேண்டும். இதனை அறியக் கண்ணாடிக் கலத்தில் உயிரணுக்களை வளர்த்து, அப்பொருளோடு சேர்த்து வைத்து, அவை வாழ்கின்றனவா மாள்கின்றனவா எனப் பார்ப்பர். இரண்டாவது, குருதி அதன்மேற்பட்டு உறைதலும், குருதியணுக்கள் சிதைதலும் ஆகா. மூன்றாவது, குருதி அதனூடே தங்குதடையின்றிப் பாய வேண்டும். மூடியபின் ஒழுகுதலும் மிகுதல் கூடாது. இதயத்தின் துடிப்பைப் போலவே துடிக்கும் பொறியில் வால்வைப் பொருத்தி, நீர்மத்தைச் செலுத்தி இதனை அளப்பர். நான்காவது, பல்லாண்டு உழைத்தும் தேயாமலும் முறியாமலும் இருத்தல் வேண்டும்.

இந்நான்காவது சோதனையே பொறுமையை மிகவும் சோதிப்பது. வால்வை விரைவுப் பொறியில் மாட்டி, இரவும் பகலும் திறந்து மூடச் செய்வர். உறுதியான பொருளாலாகிய வால்வு 40 கோடி முறை திறந்து மூடியும் பழுதுபடாதிருத்தல் வேண்டும் என்பது இன்றைய அனைத்துலக நெறி. மனித இதயத்தில் அது பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பாகும். பொறியில் நொடிக்குப் பத்து முறை வீதம் ஓடவிட்டாலும் 460 நாள்களுக்கு மேல் ஆகும். இடையில் ஒருநாள் தட்டில் கீறல் கண்டால், அத்துணை நாள் உழைப்பும் வீண் போலத் தோன்றும். மீண்டும் வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நிகழ்ந்ததும் அதுவே. முதல் வடிவம் தோல்வியுற்றது. அதன் உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று செம்மையாகப் பிணைந்திருக்கவில்லை. ஒட்டு இருக்குமிடத்தே குறை இருந்தது.

இது சிறு குறைதானே, ஒட்டைச் சற்று உறுதியாக்கிக்கொண்டு நோயாளியிடம் செல்லலாகாதா என்று ஒருவர் வினவக்கூடும். அதற்கு விடை அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றில் உள்ளது. பியோர்க்-ஷைலி என்னும் சாயும் தட்டு வால்வு உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. அதன் திருத்திய வடிவம் ஒன்று 1979இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று விற்பனைக்கு வந்தது. அதன் தாங்குகால் ஒன்று வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. சில நோயாளிகளின் உடலில் அத்தாங்குகால் முறிந்தது; தட்டு தன் இடம்விட்டு விலகிற்று; காப்பாற்ற நேரமின்றிப் பலர் உயிரிழந்தனர். 1986இல் அவ்வால்வு விற்பனையினின்று நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் 80,000க்கு மேற்பட்ட வால்வுகள் மனித இதயங்களில் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைச் சுமந்தவர் ஒவ்வொருவரும், தம் நெஞ்சினுள் இருப்பது என்று முறியுமோ என்னும் அச்சத்தையும் உடன் சுமந்தனர். ஆய்வுக்கூடத்தில் முறியும் ஒட்டு ஒரு பாடமாகும். நோயாளியின் நெஞ்சில் முறியும் ஒட்டு ஓர் உயிரின் முடிவாகும்.

பூஜப்புரையில் இருந்தவர்கள் இரண்டாவது முறை முயன்றனர். சட்டத்தை டைட்டேனியம் என்னும் உலோகத்தால் செய்தனர். அது வலிமை மிக்கது, எடை குறைந்தது, உடலுக்கு இசைவானது. ஆயினும், ஓயாத உராய்வினால் அது அளவுக்கு மிஞ்சித் தேய்ந்தது. எனவே அவ்வடிவமும் கைவிடப்பட்டது. மற்றொரு முயற்சியில் செயற்கை நீலமணியாலாகிய தட்டைப் பயன்படுத்தினர். நீலமணி மிகக் கடினமானது, எளிதில் தேயாதது. தேய்மானத்திற்கு அஞ்சிக் கடினமான பொருளைத் தேடிச் சென்றவர்க்கு அது எதிர்பாராத வகையில் ஏமாற்றம் தந்தது, தட்டு உடைந்தது. கடினமானது யாவும் உறுதியானதன்று என்னும் உண்மையை அவ்வுடைவு உணர்த்திற்று. மூங்கில் வளைந்து புயலுக்குத் தப்பும். விறைத்து நிற்கும் மரம் முறியும் என்று நாட்டுப்புறத்து உழவரும் அறிவர்.

மூன்று வடிவங்கள், மூன்று தோல்விகள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1980கள் முழுதும் நீண்டது. செலவு அரசுப் பணம். காத்திருப்போர் நோயாளிகள். இந்நிலையில் தலைவனது உள்ளத்தில் எழும் போராட்டத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருபுறம், மருத்துவமனையில் கதவு கிட்டாமல் வாடும் இளைஞர். அவர்களைத் தம் கண்ணால் காண்பவர் அவர். மறுபுறம், இன்னும் ஐயம் தீராத கருவி. இரக்கம் விரைக என்று ஏவும். அறிவு நில் என்று தடுக்கும். விரைந்து சென்று தீங்கு செய்தலினும், நின்று ஆராய்ந்து நன்மை செய்தலே மெய்யான இரக்கம் என்பதை உணர்ந்தவனே இத்தகைய நிலையத்திற்குத் தலைவனாதற்குரியன்.

இவ்விடத்தில் மற்றுமோர் உண்மையையும் நினைத்தல் வேண்டும். இதய வால்வு போன்ற கருவிகள் நம் நாட்டில் சட்டக் கட்டுப்பாட்டிற்குள் வருமாறு அறிவிக்கப்பட்டது 2005இல்தான். மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் 2017இல் வகுக்கப்பட்டன. ஆகவே 1980களில் திருவனந்தபுரத்துக் குழுவினரைத் தடுத்து நிறுத்த வெளியிலிருந்து ஒரு கை இல்லை. அவர்களை நிறுத்தியது அவர்தம் அறிவும் மனச்சான்றுமே. பிறர் காணாதவிடத்தும் தன் பிழையைத் தானே கண்டு ஒப்புக்கொள்ளுதல் அரிய பண்பு. பெரிய பதவியில் இருப்போர்க்கு அது இன்னும் அரிது.

நான்காவது வடிவத்தில் ஒட்டு வேண்டாமென முடிவு செய்யப்பட்டது. ஹேய்ன்ஸ் 25 என்னும் கோபால்ட் கலப்பு உலோகத்தின் ஒரே கட்டியிலிருந்து சட்டமும் தாங்குகால்களும் கடைந்தெடுக்கப்பட்டன. ஒட்டில்லாதவிடத்து ஒட்டு விடுதல் எங்ஙனம் நிகழும்? தட்டு, மிக உயர்ந்த மூலக்கூற்று எடையுடைய பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டது. எலும்பு மூட்டுகளுக்கு மாற்றாக வைக்கும் கருவிகளில் உராய்வைத் தாங்கப் பயன்படும் பொருள் அது. நீலமணியின் விலையும் ஒளியும் அதற்கு இல்லை. ஆனால் மோதலைத் தாங்கும் தன்மை உண்டு. தையல் வளையம் பாலியெஸ்டர் துணியால் ஆயது. இவ்வாறு மூன்றே உறுப்புகளுடன் வால்வு எளிமை பெற்றது. மூன்று தோல்விகளும் மூன்று ஆசிரியர்களாக நின்று கற்பித்த பாடம் அவ்வெளிமையில் அடங்கியிருந்தது.

கண்ணாடிக் கலத்திலும் பொறியிலும் தேறிய வால்வு அடுத்துச் செம்மறியாடுகளின் இதயத்தில் பொருத்தப்பெற்றது. ஆட்டின் இதயம் அளவிலும் குருதியோட்டத்திலும் மனித இதயத்தை ஏறத்தாழ ஒத்தது. ஆதலின் இத்தகைய ஆய்வுக்கு ஆடு தேர்ந்தெடுக்கப்படுகின்றது. மனிதர்க்குச் செய்வது போலவே மயக்கமூட்டி அறுவை செய்து, பின்னும் கண்ணுங்கருத்துமாகப் பேணி, பல திங்கள் பார்த்து வருவர். வாய் பேசாத உயிரை இதற்குப் பயன்படுத்துதல் முறையோ என்னும் வினா எழுதல் இயல்பே. வேறு வழியுள்ளவிடத்து அவ்வாறு செய்தலாகாது. செய்யினும் தேவைக்கு மேல் ஓர் உயிரையும் வருத்தலாகாது. நோவு தராதவாறு செய்தல் வேண்டும். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய ஆய்வுகளுக்கு வரம்பு கட்டியுள்ளது. கவனமின்றி நடத்திப் பயனற்றுப்போகும் ஆய்வு, விஞ்ஞானத்திற்கு மட்டுமன்றி அவ்வுயிருக்கும் இழைக்கும் பிழையாகும்.

1990 டிசம்பரில் சித்ரா வால்வு முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பெற்றது. அதன் பின்னரும் குழுவினர் வெற்றி முரசு கொட்டிவிடவில்லை. 1995 தொடக்கம் வரை நாட்டின் ஆறு மருத்துவ நிலையங்களில் 306 நோயாளிகளுக்கு அது பொருத்தப்பெற்றது. அவர்களுள் 101 பேருக்குப் பெருந்தமனி வாயிலிலும், 205 பேருக்கு இடப்புற அறைகளுக்கு இடையேயுள்ள வாயிலிலும் அது வைக்கப்பட்டது. தம் நிலையத்தில் மட்டுமன்றிப் பிறர் நிலையங்களிலும் சோதித்தமை குறிப்பிடத்தக்கது. தன் பிள்ளையைத் தானே புகழ்வதில் பொருளில்லை. ஊரார் கண்டு உரைத்தல் வேண்டும். அந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வந்ததில், வால்வின் உறுப்பு முறிந்ததாக ஒரு நிகழ்ச்சியும் காணப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பத்து வால்வு செய்தல் வேறு. ஆயிரமாயிரமாகச் செய்து ஒவ்வொன்றும் முதல் வால்வை ஒத்திருக்கச் செய்தல் வேறு. அப்பொறுப்பைச் சென்னையைச் சார்ந்த டி.டி.கே. நிறுவனம் ஏற்றது. கேரளத்தில் கருக்கொண்ட கருவிக்குத் தமிழ்நாட்டு நிறுவனம் தோள் கொடுத்தது. டி.டி.கே. சித்ரா வால்வு என்னும் பெயரால் அது வழங்குகின்றது. இதுவரை ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பெற்றுள்ளன. அயல்நாட்டு வால்வினும் குறைந்த விலையில் கிட்டியமையால், பொருளில்லாதார் பலர் அதனால் உயிர் பெற்றனர்.

இவ்வால்வு பொருத்தப்பெற்றோர் குருதி உறையாமலிருக்க நாள்தோறும் மருந்து உண்ணுதல் வேண்டும். உலோக வால்வுகள் எல்லாவற்றிற்கும் பொதுவான குறை அது. குறையே இல்லாத கருவி இன்னும் பிறக்கவில்லை. ஆகவே ஆய்வும் ஓயவில்லை.

இனி, கருவியை மனிதர்க்கு முன்னர்ச் சோதிக்கும் நிலையங்களில் இன்று உலகெங்கும் போற்றப்படும் நெறியொன்றனையும் அறிந்துகொள்ளுதல் நன்று. முற்காலத்தில் சில ஆய்வுக்கூடங்கள் செய்யாத சோதனையைச் செய்ததாகப் பொய்யாக எழுதி வைத்தமை வெளிப்பட்டது. அதன் பயனாக, 1978இல் அமெரிக்காவிலும், 1981இல் பொருளாதார வளர்ச்சிக்கான நாடுகளின் கூட்டமைப்பிலும் நல்லாய்வுக்கூட நெறிகள் வகுக்கப்பட்டன. அந்நெறிப்படி ஒவ்வோர் ஆய்வுக்கும் முழுப் பொறுப்பாளர் ஒருவரே. ஆய்வு செய்வோர் வேறு. அது முறைப்படி நடந்ததா என்று மேற்பார்க்கும் தரக்காவலர் வேறு. பயிர் செய்பவனே படியளப்பவனாகவும் இருப்பின் அளவு கோணும் அன்றோ? அளந்த எண் விரும்பியதாயினும் விரும்பாததாயினும் அன்றே ஏட்டில் ஏறுதல் வேண்டும். பின்னாள் திருத்தம் செய்யின், பழைய எண்ணும் தெரிய, திருத்தியவர் பெயரும் நாளும் காரணமும் குறித்தல் வேண்டும். அழித்தெழுதலுக்கு அங்கே இடமில்லை.

இத்தகைய நிலையத்தின் தலைவர்க்கு வேண்டும் பண்புகள் இவற்றால் விளங்கும். துறையறிவு இல்லாதவர் தலைவராயின், கீறலைக் கண்டும் அதன் பொருளை உணரார். அறிவிருந்தும் அஞ்சாமை இல்லாதவராயின், கண்டதை வெளியே கூறார். இரண்டும் இருந்தும் பிறர் சொற்கேளாதவராயின், கீழ்ப்பணியாளன் கண்ட கீறல் அவர் செவிக்கு எட்டாது. விரைவுப் பொறியருகே இரவுக் காவலிருக்கும் இளைய பொறியாளன், “ஐயா, தட்டில் கீறல் தெரிகின்றது” என்று தலைவரிடம் அச்சமின்றி வந்து கூறக்கூடிய நிலையமே நல்ல நிலையம். அச்சொல்லைக் கேட்டுச் சினவாமல், நன்று கண்டாய் எனப் பாராட்டும் தலைவரே நல்ல தலைவர். தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நாட்டினர்க்கு இது புதிய கருத்தன்று.

வலியத்தான் ஏறத்தாழ இருபதாண்டு அந்நிலையத்தை நடத்திப் பின்னர் மணிப்பால் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். முதுமையில் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகிய பண்டை மருத்துவ ஆசான்களின் நூல்களை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். 2005இல் பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 2024 ஜூலையில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்தாலும், அவரும் அவர்தம் குழுவினரும் அமைத்த கதவுகள் எத்தனையோ நெஞ்சங்களில் இந்நொடியிலும் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. அக்கதவைத் தாங்கி வயலில் உழைப்பவர் உண்டு. பிள்ளைகளை வளர்ப்பவர் உண்டு. அவர்கட்கு நீலமணித் தட்டு உடைந்த கதையும், டைட்டேனியம் தேய்ந்த கதையும் தெரியா. தெரிய வேண்டுவதும் இல்லை. அவர்கள் அறியாதவாறு அத்தோல்விகளை ஆய்வுக்கூடத்தின் சுவர்களுக்குள்ளேயே தாங்கிக்கொண்டவர்களின் பெருமை அதுவே.

வினாக்கள்

1. இதய வால்வுகள் பழுதுபடுதற்குரிய காரணம் யாது? அதனால் விளையும் துன்பங்கள் எவை?
2. செயற்கை வால்வை மனிதர்க்குப் பொருத்துமுன் செய்யவேண்டிய சோதனைகளை விளக்குக.
3. சித்ரா வால்வின் முதல் மூன்று வடிவங்களும் கைவிடப்பட்ட காரணங்களையும், நான்காவது வடிவத்தில் அக்குறைகள் நீக்கப்பட்ட வகையையும் எழுதுக.
4. “இரக்கம் விரைக என்று ஏவும், அறிவு நில் என்று தடுக்கும்.” இத்தொடரை இடஞ்சுட்டி விளக்குக.
5. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வாராதபோது நீங்கள் செய்யவேண்டுவது யாது என்பதைப் பற்றி ஒரு பத்தி வரைக.